ஜிபூத்திப் பாலையில் ஒட்டகச்சிவிங்கியைத் தேடிச் சென்ற விவரம்

இதை வாசிக்கப் போகும் ஐயா அவர்களே, அம்மா அவர்களே, தங்களுக்கு என் பணிவான வணக்கம். நான் பள்ளியில் நெடுநாள் பயின்றவன் அல்லன். புதுச்சேரித் துறையை அடுத்த மல்லாட்டை என்னும் நிலக்கடலைக் கிடங்கு ஒன்றில் மூட்டைகளை நிறுக்கும் மேஸ்திரியாய் இருந்து ஓய்ந்தவன். தமிழைக் கோயில் ஜெபப் புத்தகங்களிலும், பிரெஞ்சைச் சாமான் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாள்களிலும் கற்றுக்கொண்டேன். ஆகையால் வாக்கியங்களில் பிழை கண்டால் பொறுத்தருளவும். சொல்லப்படும் சங்கதியில் பிழை இராது. அதற்கு நான் பொறுப்பு.

என் மகள் மதலேனாளை ஜிபூத்தித் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் லூர்துநாதனுக்குக் கொடுத்திருக்கிறது. அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது, ஞானஸ்நானத்துக்கு நானே ஞானத்தகப்பனாய் வந்து நிற்க வேண்டும் என்று இருவரும் விரும்பினார்கள். நம் ஊரார் சைகோனுக்கும் பிரான்சுக்கும் போய் வருகிறவர்கள்தாம். ஆனால் ஜிபூத்தி என்றால் கப்பல் நின்று கரி ஏற்றிக்கொள்ளும் இடம் என்பதற்கு மேல் யாரும் நினைப்பதில்லை. என் குடும்பத்துக்கு மட்டும் அந்தப் பெயரைக் கேட்டாலே நெஞ்சில் ஒரு முள். அதற்குக் காரணம் என் தம்பி அருளப்பன்.

அருளப்பன் வாலிபத்தில் அதே ஜிபூத்தியில், வளைகுடாவுக்கு வடக்கேயுள்ள மலைகளில் பாதைக்கு நிலம் அளக்கப் போன கூட்டத்தோடு சாமான் காவலனாய்ச் சென்றவன். அங்கே கடுங்காய்ச்சல் கண்டு, நினைவு தடுமாறிக் கூட்டத்தைப் பிரிந்துவிட்டான். மேய்ப்பர்கள் யாரோ எடுத்து வந்து சேர்த்தார்கள். ஊர் திரும்பியதும் அவன் ஆசையோடு சொன்னது ஒன்றுதான்: ஒரு வறண்ட ஆற்றின் மேலே கரும்பாறைச் சரிவு ஒன்றில், எந்தக் காலத்து மனிதரோ ஒட்டகச்சிவிங்கிகளையும் நீண்ட கொம்பு மாடுகளையும் தீக்கோழிகளையும் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பது.

எங்கள் நெல்லித்தோப்பில் முதலில் எல்லோரும் வாயைத் திறந்து கேட்டார்கள். பிறகு, அதே கூட்டத்தில் சுமைக்காரர்களுக்குத் தலைவனாய்ப் போயிருந்த தானியேல் திரும்பி வந்தான். அவன் கெட்டவன் அல்லன். அருளப்பன் காணாமற்போன போது அவனைத் தேடி அலைந்தவனே அவன்தான். ஆனால் அவன் சொன்னது இது: "ஒன்னத் தேடி ஒரு காலை முழுக்க அந்த மலையெல்லாம் ஏறி எறங்கனேன்டா. கருங்கல்லு கீது. ஒரு பூனை படம் கூட இல்ல. அந்தக் காட்டுல சிவிங்கிக்கு எல ஏது, தழ ஏது? காய்ச்சல்ல எதயோ கண்டுட்டு வந்து பேசாத."

அன்று முதல் என் தம்பி "சிவிங்கி அருளப்பன்" ஆனான். வில்லியனூர் மாதா தேருக்குப் போனாலும், சம்பாக் கோயில் பூசை முடிந்து வெளியே வந்தாலும், "என்னா அருளு, சிவிங்கி சௌக்கியமா?" என்பார்கள். சில வருஷம் அவனும் சிரித்தான். பிறகு கூட்டமுள்ள இடங்களுக்கு வருவதையே குறைத்துக்கொண்டான்.

நான் கப்பல் ஏறப் போகிறேன் என்று தெரிந்ததும் என் வீட்டுக்கு வந்தான். பெட்டிக்குக் கயிறு கட்ட உதவினான். கட்டி முடித்த பிறகு, முடிச்சைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ணா, நீ அங்கதான போற. ஒரு தரம் மேல போயி பாத்துட்டு வா. இருந்தா இருக்குன்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. எனக்காவ எதயும் சேத்துச் சொல்லாத."

"நீ கண்ணால பாத்தததான சொன்ன?"

"அதாண்ணா தெரியல. ஊரு சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது. கண்ணால பாத்தனா, காய்ச்சல்ல பாத்தனான்னு."

ஊரார் நம்பாதது ஒருவனுக்குப் பெரிய துன்பமன்று. தன் கண்ணைத் தானே நம்ப முடியாமற்போவது துன்பம். போய்ப் பார்த்து வருவதாய் அவனுக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஞானஸ்நானம் சிறப்பாய் நடந்தது. ஜிபூத்தியில் வளைவு வளைவான வெள்ளைக் கட்டடங்களைக் கண்டபோது நம் வெள்ளைக்காரர் தெருவின் ஞாபகம் வந்தது. மரங்களை மட்டும் யாரோ பிடுங்கிக்கொண்டு போனாற்போல் இருந்தது. ஏமன் தேசத்தார் கடையில் முழு மீனை முதுகு வழியே பிளந்து, மிளகாய் தடவி, மண் அடுப்பின் உட்சுவரில் சுட்டு, மேசை அகலமுள்ள ரொட்டியோடு தருகிறார்கள். நம் வஞ்சிரக் குழம்புக்கு ஈடாகுமா என்றால் ஆகாது. ஆனால் அதற்குப் பக்கத்தில் உட்காரத் தகுதியுடையது. காப்பிக்கொட்டையின் தோலை மட்டும் இஞ்சியோடு கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். கொட்டையை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "உங்களைப் போன்றவர்களுக்கு விற்கிறோம்," என்றார் கடைக்காரர்.

மலைக்குப் போக வேண்டும் என்று சொன்னதும் மருமகன் திகைத்தார்.

"மாமா, அது நம்ம கடற்கரையில காத்து வாங்கற மாதிரி இல்ல. கல்லு, முள்ளு, வெயிலு. தண்ணி கெடக்கிற எடம் அந்த ஜனத்துக்கு மட்டுந்தான் தெரியும். ஒங்க வயசுக்கு இது வேணுமா?"

"மூட்டையோட மல்லுக்கட்டுன ஒடம்பு மாப்பிள்ளை. நடந்தா ஒண்ணும் ஆவாது."

மதலேனாள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "அப்பா நெனச்சிட்டாருன்னா போயிட்டு வந்துதான் மறு வேல பாப்பாரு. சித்தப்பாவுக்காவ போறாரு. நீங்க பைய எடுத்துக் குடுங்க."

மருமகன் ஒரு சிப்பாயிடமிருந்து வாங்கிய முதுகுப்பையைக் கொண்டுவந்தார். இரு தோளிலும் வார் மாட்டிச் சுமக்கும் பை அது. மகள் அதில் புளிச்சோறும், வறுத்த மல்லாட்டையும், மாங்காய் ஊறுகாயும், வாழைச் சருகில் இறுகச் சுற்றிய கருவாடும் வைத்தாள். மேலே ஒரு கம்பளி. பையைத் தூக்கிப் பார்த்தவுடன் எடையைச் சரியாய்ச் சொல்லிவிட்டேன். நடந்து பார்த்தபோதுதான் எடை என்பது தராசில் ஒன்று, மலையில் வேறொன்று என்று விளங்கிற்று.

வளைகுடாவைப் பாய்மரப் படகில் கடந்தேன். காற்று இருந்தால் ஒரு பகலில் கடக்கலாம் என்றார்கள். காற்று இல்லை. நடுக்கடலில் பாய் துவைத்த சேலை போல் தொங்கிற்று. படகில் மனிதரைவிட ஆடுகளே மிகுதி. நான் வேளாங்கண்ணி மாதாவை வேண்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்த நேரத்தில், ஒரு வெள்ளாடு என் பனையோலைத் தொப்பியின் விளிம்பைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. ஆட்டுக்காரர் வருத்தப்பட்டார், என்னிடமன்று, ஆட்டிடம். அதன் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தார்.

மறுகரையில் தஜூரா என்னும் பழைய ஊர். வெள்ளைப் பள்ளிவாசல்கள், ஈச்ச மரங்கள், பின்னால் சுவர் போல மலை. அங்கே மருமகன் சொல்லி வைத்திருந்த ஹுமத் என்னும் வழிகாட்டி ஒட்டகத்தோடு காத்திருந்தார். அஃபர் ஜாதியார், நெடிய உருவம், இடுப்பில் வளைந்த கத்தி, தலைமுடியில் வெண்ணெய் மினுங்கிற்று. கப்பலுக்குக் கரி சுமந்த காலத்தில் பிரெஞ்சு பழகியவர். என்னைப் 'பப்பா' என்றார். நான் அவரை 'முசியே ஹுமத்' என்றேன். அந்த மரியாதை அவருக்குப் பெரிய வேடிக்கையாய் இருந்தது. ஒட்டகத்தை உதைக்கும் போதெல்லாம், "முசியே ஹுமத் சொல்கிறார், நட," என்பார்.

பழைய சித்திரம் வெட்டிய பாறையைப் பார்க்க விரும்புவதாக மட்டும் அவரிடம் சொன்னேன். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் வீட்டுப் பிள்ளையை ஊர் பரிகசிக்கிறது என்பதை அந்நியரிடம் சொல்வது நம் பக்கத்து வழக்கமன்று. தம்பி காய்ச்சலில் புத்தி கலங்கிக் கிடந்தான் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

ஒட்டகம் தண்ணீர்த் தோற்பைகளை மட்டுமே சுமக்கும், அவரவர் சோற்றை அவரவர் சுமக்க வேண்டும் என்பது ஹுமதின் நியாயம். ஏற்றத்தில் காட்டத்தி மரங்களும் குளிர்ந்த காற்றும் இருந்தன. மலையைத் தாண்டி அப்பால் இறங்கியதும் பச்சை என்பதே நின்றுபோயிற்று. பூமி முழுவதும் கறுத்த கல். நம் கொல்லன் பட்டறையில் கழித்துப் போட்ட கசடு போல, முனை முனையாய், தொட்டால் சுடும். முதல் நாளே என் செருப்பின் அடித்தோல் பெயர்ந்து நாக்குப் போல் தொங்கிற்று. ஹுமத் அதைப் பார்த்து, சிரிக்காமல், தம்மிடமிருந்த மாட்டுத்தோல் வாரால் காலோடு சேர்த்துக் கட்டினார். பிறகுதான் சிரித்தார்.

பகற்பொழுது முடியும் வேளையில் அவர் ரொட்டி சுட்ட விதத்தை எழுத வேண்டும். உருண்டைக் கல்லொன்றை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் பிசைந்த மாவை அப்பி, மொத்தமாய்த் தணலருகே உருட்டிவிட்டார். உள்ளேயிருந்து கல்லும் வெளியேயிருந்து தணலும் வேக வைத்தன. உடைத்தபோது ரொட்டி தேங்காய் ஓடு போல் இரண்டாய்ப் பிளந்தது. அதற்கு என் ஊறுகாய் மிகப் பொருத்தமாய் இருந்தது. ஹுமத் ஒரு துண்டு தின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு துண்டு கேட்டார். கருவாட்டைப் பிரித்தபோது மட்டும் எழுந்து ஒட்டகத்துக்கு அப்பால் போய் உட்கார்ந்தார்.

"பப்பா, கடற்கரையில் இருந்ததால் எனக்குப் பழக்கம் உண்டு. மலைமேல் உள்ளவர்கள் கண்ணில் இதைக் காட்டாதீர்கள். அவர்களுக்கு மீனும் பாம்பும் ஒன்று."

புதுச்சேரியில் பிறந்தவன் காதில் இப்படியும் ஒரு வார்த்தை விழ வேண்டியிருந்தது.

இனி அத்தேசத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் மேலே நடந்தது விளங்காது. அதற்குத் 'தாகு' என்று பெயர். வழியில் இரண்டு அஃபர் மனிதர் எதிர்ப்பட்டால் வணங்கிவிட்டுப் போய்விட முடியாது. நிற்க வேண்டும்; பெரும்பாலும் உட்கார வேண்டும். ஒருவர் தாம் புறப்பட்டது முதல் கண்டதும் கேட்டதும் அனைத்தையும் சொல்வார்: மழை எங்கே பெய்தது, கிணற்றில் நீர் எவ்வளவு, யார் செத்தார், எந்த ஒட்டகம் ஈன்றது, புது மனிதர் யார் வந்தார் என்று. மற்றவர் இடையில் பேசாமல் 'ம், ம்' என்று கொட்டிக் கேட்பார். பிறகு அவர் முறை. கண்டதில் ஒன்றைக் கூட்டக் கூடாது, ஒன்றை விடக் கூடாது. கூட்டிச் சொன்னவன் என்று பெயர் வாங்கினவனோடு பிறகு யாரும் உட்காரமாட்டார்கள். இது அவர்களுக்குத் தபாலும் பத்திரிகையும் போலீசும் எல்லாம்.

எனக்கு முதலில் இது பெருந்தொல்லையாய் இருந்தது. அத்துவானக் காட்டில் யார் வரப்போகிறார் என்று நினைப்பேன். எங்கிருந்தோ ஒருவர் ஆட்டோடு முளைப்பார். ஹுமத் உட்கார்ந்துவிடுவார். வெயில் என் தலையில், விளிம்பில்லாத் தொப்பியின் வழியே, தாராளமாய் இறங்கும். என்ன சொல்கிறீர் என்று ஒரு தடவை கேட்டேன்.

"உங்களைப் பற்றித்தான். இந்தியாவிலிருந்து ஒரு கிழவர் வந்திருக்கிறார். ஆடு அவர் தொப்பியைத் தின்றது. செருப்பு முதல் நாளே போயிற்று. பாம்பு போன்றதைத் தின்கிறார். நடக்கும் போது தனியாய்ப் பேசுகிறார்."

"தனியாய்ப் பேசவில்லை, ஜெபமாலை சொல்கிறேன்."

"அப்படியா? அடுத்தவரிடம் திருத்திச் சொல்கிறேன்," என்றார். திருத்தியும் சொன்னார். மறுநாள் நாங்கள் ஒரு கிணற்றை அடைந்தபோது, அங்கே நீர் இறைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கண்டதும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தார்கள். செய்தி எங்களுக்கு முன்னால் நடந்து போயிருந்தது. அவர்கள் புகை மணக்கும் ஓலைப் பாத்திரத்தில் ஒட்டகப் பால் கொடுத்தார்கள். மூக்கை மூடினாலும் கொடுத்தார்கள் என்பதை இங்கே குறிக்கிறேன்.

பாறைச் சித்திரம் பற்றி மட்டும் எவருக்கும் தெரியவில்லை. ஹுமத் அறிந்த இரண்டு சரிவுகளைப் பார்த்தோம். ஒன்றில் கல்லறை போன்ற கற்குவியல்கள் இருந்தன. மற்றொன்றில் ஒன்றுமே இல்லை. ஒட்டகத்தின் தோற்பைகள் தளர்ந்து வந்தன. மறுநாள் திரும்பித்தான் ஆக வேண்டும் என்று ஹுமத் சொல்லிவிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசித் தண்ணீரைப் பெருக்க முடியாது. "இல்லன்னா இல்லன்னு சொல்லு" என்ற தம்பியின் குரல் காதில் கேட்டபடி இருந்தது. அவனிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது என்றே யோசித்து நடந்தேன்.

அப்போது ஒருவர் எதிர்ப்பட்டார். தாடிக்கு மருதோன்றி இட்ட மேய்ப்பர், ஐம்பது வயது இருக்கும். வழக்கப்படி உட்கார்ந்தார்கள். ஹுமத் சொன்னார். அவர் சொன்னார். எழுந்திருக்கும் நேரத்தில் அவர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். ஹுமதுக்கு அது புதிதாய் இருந்தது போலும். என்னிடம் சற்றுத் தயங்கித்தான் சொன்னார்.

"பப்பா, இவர் உங்கள் வாயால் உங்கள் தாகுவைக் கேட்கிறார். இவ்வளவு தூரம் வந்த கிழவருக்குச் சொந்தச் செய்தி இல்லாமல் இருக்காது என்கிறார்."

நான் பழையபடியே, சித்திரம் பார்க்க வந்தேன் என்றேன். மேய்ப்பர் 'ம்' கொட்டவில்லை. காத்திருந்தார். நான் எதையோ விட்டுச் சொல்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சொன்னேன். எனக்கு ஒரு தம்பி உண்டு என்றும், அவன் அளவுக்காரரோடு வந்து இங்கே காய்ச்சலில் வழி தவறினான் என்றும், இப்பக்கத்து மனிதரே அவனைக் காத்தார்கள் என்றும், அவன் கண்டதை எங்கள் ஊர் நம்பவில்லை என்றும், இப்போது அவனே நம்பவில்லை என்றும் முழுவதும் சொன்னேன். ஹுமத் அதை அவர் பாஷையில் எடுத்துச் சொல்லச் சொல்ல, மேய்ப்பர் ஒவ்வொன்றுக்கும் 'ம்' கொட்டினார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாய்ப் பேசினார். ஹுமத் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பப்பா, இவருடைய தகப்பனார்தான் உங்கள் தம்பியைக் கண்டெடுத்தவர். இந்தக் கதை எனக்கே தெரியும். சிறு வயதில் கேட்டிருக்கிறேன். கல்லுக்குத் தண்ணீர் கொடுத்த மனிதனின் செய்தி என்போம்."

"யார் தண்ணீர் கொடுத்தது?"

"உங்கள் தம்பி. இருட்டும் வேளையில் பாறைகளுக்கு நடுவே யாரோ பேசுகிற சத்தம் கேட்டு இவர் தகப்பனார் ஏறிப் போனார். ஒரு வேற்று நாட்டான் கல்லைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். தோற்பை காலி. கல் நனைந்திருந்தது. தனக்கு உதடு வெடித்திருக்க, இருந்த தண்ணீரைக் கல்லில் ஊற்றியிருந்தான். ஏன் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததைக் கூட்டிச் சொல்ல முடியாது அல்லவா? அதனால் காரணம் இல்லாமலே செய்தி நடந்து வருகிறது."

இந்தச் சங்கதியை என் தம்பி ஒரு நாளும் எங்களிடம் சொன்னதில்லை. கல்லில் சித்திரம் உண்டா என்று மேய்ப்பரைக் கேட்டேன். அது தங்களுக்கு முந்தியவர்களின் இடம், ஆடுகள் போகும், மனிதர் ஏறுவதில்லை, தான் பார்த்ததில்லை என்றார். பார்க்காததைப் பார்த்தேன் என்று அவர் சொல்லமாட்டார். இடத்தை மட்டும் காட்டினார். அருகேயே ஒரு பாறைக் குழியில் நீர் உண்டென்றும் சொன்னார். ஆகவே ஒரு நாள் கூடுதலாய்க் கிடைத்தது.

மறுநாள் உச்சி வேளைக்கு அங்கே சேர்ந்தோம். தம்பி சொன்னபடியே வறண்ட ஆறு. சொன்னபடியே மேலே கருங்கற்சரிவு. முதுகுப்பையோடு கைகால் நான்கையும் ஊன்றி ஏறினேன். ஹுமத் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தேடினோம். பாறைக்குப் பாறை கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். சூரியன் நேர் மேலே நின்றது. கறுத்த கல் கண்ணாடி போல் பளபளத்தது. வேறொன்றும் இல்லை. ஒரு பூனைப் படம் கூட இல்லை.

ஹுமத் என்னருகே வந்து நின்றார். "பப்பா, நான் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வழியில் கேட்பவர்களுக்கு, போனோம், தேடினோம், இல்லை என்பேன். வேறு மாதிரி சொல்ல என்னால் ஆகாது."

"நானும் அப்படித்தான் சொல்ல வேண்டும்," என்றேன். ஒரு கடலுக்கு இரு கரையிலும் என் தம்பியின் பேச்சு ஒரே நாளில் பொய்யாகப் போகிறது என்று நினைத்தபடியே சரிவை விட்டு இறங்கினேன்.

உடனே திரும்பியிருப்போம். ஆனால் அந்த வெயிலில் ஒட்டகம் எழ மறுத்துவிட்டது. முசியே ஹுமத் சொல்கிறார் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆகவே ஆற்றங்கரையில் ஒரு முள்மரத்தின் கீழே படுத்தோம். மிச்சமிருந்த மல்லாட்டையைக் கொரித்தோம். களைப்பில் உறங்கிப்போனேன்.

ஹுமத் என் தோளைப் பிடித்து உலுக்கினார். சரிவின் பக்கம் கையை நீட்டினார். பொழுது மேற்கே சாய்ந்திருந்தது. வெயில் சரிவின் மேல் படுக்கையாய் விழுந்தது. நாங்கள் தேடிப் பார்த்த அதே பாறைகளில், ஒவ்வொரு வெட்டின் பள்ளத்திலும் நிழல் நிறைந்து, கோடு கோடாய் எழுந்து வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு நீண்ட கழுத்து. பிறகு அதன் பின்னால் மற்றொன்று. பிறகு சரிவு முழுவதும் ஒட்டகச்சிவிங்கிகள், ஒன்றன்பின் ஒன்றாய், எங்கோ நீர் குடிக்கப் போகிறாற்போல். தீக்கோழிகள். கொம்பு வீசிய மாடுகள். அம்பு ஏந்திய சிறு மனிதர்கள். இலையும் தழையும் இருந்த காலத்தில் அவற்றைக் கண்ணால் கண்டவர்கள் செய்த வேலை அது.

தானியேலும் பொய் சொன்னவன் அல்லன் என்பது அப்போது விளங்கிற்று. அவன் தேடியது காலை வேளையில். அச்சரிவு மேற்கு நோக்கியது.

நான் மறுபடியும் ஏறினேன். இந்த முறை பையின் கனம் தெரியவில்லை. சரிவின் நடுவே, ஓர் ஆள் உட்காரக்கூடிய இடத்துக்கு எதிரே, ஒரு பசு இருந்தது. மடி பெருத்த பசு. அதன் கீழே ஒரு கன்று, கழுத்தை நீட்டி, வாயை மடிக்குக் கொண்டுபோகிறது. ஆனால் வாய் மடியை எட்டவில்லை. இடையில் ஒரு விரல் அகலம் வெறுங்கல். வெட்டினவர் கை அங்கே நின்றுவிட்டது. தாகத்தில் உதடு வெடித்த ஒருவன் பொழுது சாயும் நேரத்தில் இந்தக் கன்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் என்ன செய்வான் என்று நினைத்தேன். அங்கேயே உட்கார்ந்து, வெகுநேரம் அழுதேன். ஹுமத் கீழேயே நின்றார். அழுததையும் அவர் வழியெல்லாம் சொல்லியிருப்பார், சொல்லட்டும்.

ஊர் திரும்பியதும் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி பிலோமினாள் காப்பி கலக்க எழுந்தாள். உட்கார் என்றேன். தம்பியையும் எதிரே உட்கார வைத்தேன். ஜிபூத்தியில் கற்றபடி, படகு ஏறியது முதல் தொடங்கி, கூட்டாமலும் விடாமலும் சொல்லி வந்தேன். பார்த்த இரண்டு சரிவுகளிலும் இல்லை என்றபோது தம்பி தலையைக் குனிந்துகொண்டான். உச்சி வேளையில் ஒன்றுமில்லை என்றபோது, "சரிணா," என்று எழப் பார்த்தான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

ஒட்டகச்சிவிங்கிகளைச் சொன்னேன். மாடுகளைச் சொன்னேன். பசுவைச் சொன்னேன்.

"அது கீழ ஒரு கன்னு இருக்குது," என்றேன். "மடிய முட்டப் போவுது."

அவன் தன் ஆள்காட்டி விரலை எடுத்து எனக்கும் தனக்கும் நடுவே காட்டினான். "இத்தினி எடம். எட்டல. இல்லணா?"

"ஆமாம். எட்டல."

"அத நான் யாருகிட்டயும் சொன்னது இல்லணா. இவகிட்ட கூட சொல்லல. சிவிங்கிக்கே அவ்வளோ சிரிச்சாங்க." நீட்டிய விரலை மடக்கிக்கொண்டான். "தண்ணி ஊத்தனதும் நான்தானா? அதயும் கனாவுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

"நீதான். அந்த ஜனம் இன்னும் சொல்லிக்கினு இருக்குது."

அவன் முகத்தை இரு கையாலும் மூடிக்கொண்டான். பிலோமினாள் மூக்கைச் சிந்திவிட்டு, "குடிக்க வெச்சிருந்த தண்ணிய கல்லுக்கு ஊத்துன மனுசன், இந்த வூட்ல எனக்கு ஒரு கொடம் தண்ணி தூக்கித் தந்தது உண்டா, கேளுங்க மாமா," என்றாள். தம்பி கைக்குள்ளேயே சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, தானியேல் படிக்கட்டருகே நின்றான். "என்னா அருளு, அண்ணனும் போயி சிவிங்கிய பாத்துட்டாராமே?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரிக்கத் தயாரானார்கள்.

"பாத்தாரு. ஒக்காரு தானியேலு, சொல்றேன்," என்றான் தம்பி. கோயில் படியிலேயே உட்கார்ந்துகொண்டான். தானியேலுக்கும் உட்கார வேண்டியதாயிற்று. காய்ச்சல் கண்ட நாள் முதல் தொடங்கி, எதையும் விடாமல் சொன்னான். கன்றைச் சொன்னான். தண்ணீர் ஊற்றியதைத் தானே சொன்னான். சாயங்கால வெயிலைச் சொன்ன போது தானியேல், "நான் காலையில போனேன்டா. சாயங்காலமா ஒன்னத் தேடியிருக்கணும்," என்று முணுமுணுத்தான்.

பிறகு தானியேல், தோற்றுப்போனவன் போல் இருக்க மனமில்லாமல், தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டான்: "சரி, அவ்வளோ தண்ணி ஊத்தனியே. கன்னு குடிச்சுதா?"

"அண்ணன் பாத்தப்ப இன்னும் ஒரு வெரலு எடம் பாக்கி இருந்துதாம்," என்றான் என் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவன் அவன்தான்.

ஐயா, அம்மா, நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவே. தங்கள் வீட்டில் இந்தத் தாள்களுக்கு ஓர் இடம் கொடுத்து, கிழியாமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.